கிளாக் காலில் கபாசிட்டர் வைக்கச் சொன்ன குறிப்பு பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நெல்லைப் பதிப்பின் தொழில் பக்கத்தில் அண்மையில் வந்த ஒரு பழுதுநீக்கக் குறிப்பைப் பற்றியது இந்தக் கடிதம். எலெக்ட்ரானிக் தராசும், செல்போனில் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டரும் அடிக்கடி செட்டிங் மறந்துபோனால் என்ன செய்வது என்று அதில் சொல்லியிருந்தது. உள்ளே செட்டிங்கைச் சேமித்துவைக்கும் 24சி02 மெமரி ஐ.சி.யின் 6-ஆம் காலுக்கும் (கிளாக்) 4-ஆம் காலுக்கும் (கிரவுண்ட்) நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் ஒன்றை சால்டர் செய்தால் தீர்ந்தது என்று எழுதியிருந்தார்கள். எழுதியவர் நோயைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். கிளாக் லைனில், அதாவது மெமரிக்குத் தாளம் தட்டும் ஒயரில், வேண்டாத துடிப்பு புகுந்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் சொன்ன மருந்து நோயை விடக் கெடுதல். நயினார்குளம் மார்க்கெட்டிலும் பாவூர்சத்திரத்திலும் எத்தனை தராசு ஓடுகிறது, சேரன்மகாதேவி, முக்கூடல் பக்கம் வாழைத் தோட்டங்களில் எத்தனை ஸ்டார்ட்டர் தொங்குகிறது என்று நினைத்துப் பார்த்தால், இதை விரிவாக எழுதாமல் விடக்கூடாது என்று தோன்றியது. கடிதம் நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

மெமரி ஐ.சி. என்பது கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆள் மாதிரி. கிளாக் லைன் ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒரு பிட் (ஒரு 0 அல்லது 1) நகர்த்தும். இரண்டு தடவை ஏறி இறங்கினால் இரண்டு பிட். ஏற்றியது போர்டின் மூளையான கன்ட்ரோலரா, பக்கத்தில் விழுந்த கான்டாக்டரின் (மோட்டாருக்குக் கரன்ட் விடும் சுவிட்சின்) உதறலா என்று அதற்குத் தெரியாது. கன்ட்ரோலர் அனுப்பாமல் லைனில் முளைக்கும் இந்தத் துடிப்பைப் பட்டறையில் கிளிட்ச் என்போம். கள்ளத் துடிப்பு என்று தமிழில் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

ஒரே ஒரு கள்ளத் துடிப்பு என்ன செய்யும் என்பதைக் கிட்டத்தில் பார்ப்போம். மெமரியில் 108 என்ற எண் இருக்கிறது. பிட்டாக எழுதினால் 01101100. கன்ட்ரோலர் அதைப் படிக்க ஆரம்பிக்கிறது. முதல் பிட் 0, சரியாக வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு கள்ளத் துடிப்பு. மெமரி தன் பாட்டுக்கு அடுத்த பிட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. இனி கன்ட்ரோலர் கேட்பதெல்லாம் ஒரு பிட் முந்தியே வரும். 1, 0, 1, 1, 0, 0 என்று வந்து, எட்டாவது பிட்டுக்கு மெமரியிடம் ஒன்றுமே மிச்சமில்லை. அது டேட்டா லைனை (பிட் வரும் ஒயரை) விட்டுவிடுகிறது, அந்த லைன் மேலே நிற்கிறது, கன்ட்ரோலர் அதை 1 என்று எடுத்துக்கொள்கிறது. கிடைத்த விடை 01011001, அதாவது 89. இதோடு முடியவில்லை. கன்ட்ரோலருக்கு எட்டாவது கிளாக்காக இருப்பது மெமரிக்கு ஒன்பதாவது கிளாக். அங்கே லைன் மேலே இருந்தால் 'போதும், நிறுத்து' என்று பொருள். மெமரி அத்தோடு வாயை மூடிக்கொள்ளும். பிறகு படிக்கிற ஒவ்வொரு பைட்டும், அதாவது எட்டு பிட் எண்ணும், 255 என்றுதான் வரும்.

பழுது பார்ப்பவர்கள் இந்த அடையாளத்தை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு பைட் கோணலாக வந்து, அதற்குப் பின்னால் வரிசையாக 255 நின்றால், குற்றம் மெமரியில் இல்லை, கிளாக் லைனில்.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. மெமரிக்குள் 108 அப்படியே பத்திரமாக இருக்கிறது, படித்ததில்தான் பிழை. எழுதும்போது பிட் நகர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் ஐ.சி. செய்தவர்களுக்கு முன்பே இருந்திருக்கிறது. அதனால்தான் பைட் எல்லையில் சரியாக முடியாத எழுத்தைப் ஈப்ராம் எனும் இவ்வகை மெமரிகளில் பெரும்பாலானவை ஏற்காமல் தள்ளிவிடும். படிப்பதற்கு அப்படிக் காவல் எதுவும் கிடையாது. கன்ட்ரோலரின் புரோகிராம் செக்சம் (எண்களைக் கூட்டிச் சரிபார்க்கும் கணக்கு) பார்க்காமல் 89-ஐ நம்பி, பிறகு வேறு ஏதோ ஒரு எண்ணைச் சேமிக்கும்போது இந்த 89-ஐயும் சேர்த்துத் திரும்ப எழுதினால், அப்போதுதான் மெமரி உண்மையிலேயே கெடுகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "மெமரி ஐ.சி. மாத்தியாச்சு அண்ணாச்சி, நாலு நாள்ல திரும்பவும் அதே கதைதான்" என்று பட்டறை பட்டறையாகக் கேட்கிற புலம்பலுக்குக் காரணம் இதுதான்.

ஐ.சி.யை மாற்றுவதற்கு முன்னால் அதைக் கழற்றி ஒரு புரோகிராமர் கருவியில் வைத்து மூன்று தடவை படிக்க வேண்டும். மூன்றும் ஒன்றுபோல வந்து, எண்களும் முறையாக இருந்தால் ஐ.சி. நிரபராதி.

இனி அந்த 0.1 மைக்ரோஃபாரட் கதைக்கு வருவோம். இந்த வகை மெமரி பேசும் ஐ2சி முறையில் கிளாக் லைனை மேலே இழுப்பது ஒரு புல்-அப் ரெசிஸ்டர், பெரும்பாலும் 4.7 கிலோ ஓம். 4.7 கிலோவையும் 0.1 மைக்ரோவையும் பெருக்கினால் 470 மைக்ரோ செகண்ட். 100 கிலோஹெர்ட்ஸ் கிளாக்கில் லைன் மேலே இருக்க வேண்டிய நேரம் சுமார் 5 மைக்ரோ செகண்ட்தான். அந்த 5 மைக்ரோ செகண்டில் லைன் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் ஏறும். அதாவது கிளாக்கே செத்துப்போகும். மெமரியோடு பேச்சே நடக்காது. பேச்சு நடக்காத மெமரி கெடவும் கெடாது அல்லவா? 'கபாசிட்டர் போட்டதும் பழுது நின்றுவிட்டது' என்று தோன்றுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மெமரி பதில் தராவிட்டால் தொழிற்சாலை எண்ணை வைத்துக்கொண்டு ஓடும்படி எழுதிய புரோகிராம்களும் உண்டு. தராசு ஓடும், ஆனால் எடை சரியாக இருக்காது.

சில போர்டுகளில் புல்-அப் இல்லாமல் கன்ட்ரோலரின் கால் நேரடியாகவே கிளாக்கை ஏற்றி இறக்கும். அங்கே கிளாக் சாகாது, வேறு விதமாகக் கெடும். கன்ட்ரோலர் காலின் உள்தடை ஏறத்தாழ 50 ஓம் என்று வைத்தால், 0.1 மைக்ரோவோடு சேர்ந்து 5 மைக்ரோ செகண்ட். செங்குத்தாக ஏற வேண்டிய கிளாக் சரிவாக ஏறும். சரிவாக ஏறும் லைன், 0-வுக்கும் 1-க்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டில் நீண்ட நேரம் தங்குகிறது. அங்கே நிற்கும்போது சின்ன இரைச்சல் வந்தாலும் கோட்டை நாலு தடவை தாண்டும். நாலு தடவை தாண்டினால் நாலு கிளாக். ஒரு கள்ளத் துடிப்பைத் தடுக்கப் போய் நாலைப் பெற்றெடுப்பது இதுதான். அதோடு 5 வோல்ட்டில் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் அந்தக் கால் நொடிப்பொழுதுக்கு 100 மில்லி ஆம்பியர் வரை தள்ள வேண்டியிருக்கும். சாதாரண கன்ட்ரோலர் கால் தாங்குவது 20, 25 மில்லி ஆம்பியர்தான்.

பலர் கவனிக்காத இன்னொரு கேடும் உண்டு. ஐ2சி-யில் கிளாக் மேலே இருக்கும்போது டேட்டா லைன் அசைந்தால் அதற்குத் தனிப் பொருள் இருக்கிறது. கீழே இறங்கினால் 'தொடங்கு', மேலே ஏறினால் 'முடி'. கிளாக்கில் மட்டும் கபாசிட்டர் வைத்து அதைத் தாமதப்படுத்திவிட்டு டேட்டாவைச் சும்மா விட்டால், கிளாக் இன்னும் முழுதாக இறங்காத நேரத்தில் அடுத்த டேட்டா பிட் மாறிவிடும். மெமரிக்கு அது 'தொடங்கு' அல்லது 'முடி' என்ற கட்டளையாகப் படும். வடிகட்டி எந்த வகையாக இருந்தாலும் கிளாக்குக்கும் டேட்டாவுக்கும் ஒரே அளவு தாமதம் வர வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கபாசிட்டருக்கு மட்டுமில்லை, எஃப்.பி.ஜி.ஏ.வில் (உள்சர்க்யூட்டை நாமே எழுதிக்கொள்ளும் ஐ.சி.) எழுதும் வடிகட்டிக்கும் இதே விதிதான்.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் கள்ளத் துடிப்பு பிறக்கும் இடத்தை அடைக்க வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டியில் அது கான்டாக்டர் காயில். காயிலை விடும்போது அதில் தேங்கிய சக்தி வெளியே பாயும். 230 வோல்ட் ஏ.சி. காயில் என்றால் காயிலின் இரண்டு முனைக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ கபாசிட்டரும் தொடராக. கபாசிட்டர் 275 வோல்ட் ஏ.சி. எக்ஸ்2 வகையாகத்தான் இருக்க வேண்டும். சாதாரண கபாசிட்டரை மெயின் லைனில் போட்டால் வெடிக்கலாம். டி.சி. ரிலே என்றால் ஒரு 1என்4007 டயோடு போதும், கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். இதை மட்டும் செய்ததிலேயே பாதிப் பெட்டிகள் குணமாகிவிடும்.

அடுத்தது மெமரியின் சப்ளை. 24சி02-இன் 8-ஆம் கால் சப்ளை, 4-ஆம் கால் கிரவுண்ட். இந்த இரண்டுக்கும் நடுவேதான் 0.1 மைக்ரோ செராமிக் கபாசிட்டர் இருக்க வேண்டும், அதுவும் ஐ.சி.யை ஒட்டியே. போர்டின் மறுகோடியில் இருந்தால் பயன் குறைவு. பல மலிவு போர்டுகளில் இதற்கு இடம் விட்டிருப்பார்கள், உறுப்பைப் போட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது, புல்-அப். 4.7 கிலோவில் லைன் தளர்வாக நிற்கிறது. பக்கத்து ஒயரில் என்ன ஓடினாலும் அதை அசைத்துவிடும். 2.2 கிலோவாகக் குறைத்தால் லைன் விறைப்பாக நிற்கும், ஏற்றமும் வேகமாகும். லைனில் 100 பிக்கோஃபாரட் இருந்தால் 4.7 கிலோவில் ஏறும் நேரம் சுமார் 400 நானோ செகண்ட், 2.2 கிலோவில் சுமார் 186. ஐ2சி விதிப்படி 100 கிலோஹெர்ட்ஸுக்கு 1000 நானோ வரை போகலாம், 400 கிலோஹெர்ட்ஸுக்கு 300-ஐத் தாண்டக்கூடாது. ஆகவே 400 கிலோஹெர்ட்ஸில் ஓடும் போர்டில் 4.7 கிலோ ஏற்கெனவே தப்பு. 5 வோல்ட் போர்டில் 2.2 கிலோவுக்குக் கீழே போக வேண்டாம். லைனைக் கீழே இழுக்கும் காலுக்கு விதி எதிர்பார்ப்பது 3 மில்லி ஆம்பியர்தான்.

400 கிலோஹெர்ட்ஸ் வகை ஐ.சி.களின் உள்ளேயே ஒரு வடிகட்டி உண்டு. 50 நானோ செகண்ட் வரையிலான துடிப்பை அது விழுங்கிவிட வேண்டும் என்பது விதி. ஆகவே வெளியே நாம் வைப்பது இதற்குத் துணைதான். கிளாக்கிலும் டேட்டாவிலும் ஐ.சி. காலுக்குப் பக்கத்தில் 100 ஓம் ரெசிஸ்டரும், அதற்கப்புறம் கிரவுண்டுக்கு 100 பிக்கோவும் வைக்கலாம். இரண்டு லைனிலும் ஒரே அளவு. பெருக்கினால் 10 நானோ செகண்ட். 3.3 வோல்ட் உயரமுள்ள 3 நானோ செகண்ட் துடிப்பு ஒன்று வந்தால், அந்தப் பக்கம் 0.86 வோல்ட்டுக்கு மேல் ஏறாது. அது எல்லைக்கோட்டுக்குக் கீழே. மைக்ரோவுக்கும் பிக்கோவுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். குறிப்பில் சொன்னது இதைப்போல ஆயிரம் மடங்கு.

கரன்ட் போகும் நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் அது அன்றாடம் நடப்பது. சப்ளை 5 வோல்ட்டிலிருந்து மெல்ல இறங்கும்போது கன்ட்ரோலர் தன் நிதானத்தை இழந்து கண்டபடி கால்களை ஆட்டலாம். மெமரியோ 1.8 வோல்ட் வரை விழித்திருக்கும் வகைகள் உண்டு. புத்தி பேதலித்தவர் சொல்வதை நிதானத்தில் இருப்பவர் எழுதிக்கொள்கிற நிலைமை. சப்ளை தாழ்ந்தால் கன்ட்ரோலரை நிறுத்திவைக்கும் பிரவுன்-அவுட் ரீசெட்டை இயங்கும்படி வைக்க வேண்டும். 5 வோல்ட் ஏ.வி.ஆர். வகைக் கன்ட்ரோலர்களில் 4.3 வோல்ட் என்ற தேர்வு இருக்கும். மெமரியின் 7-ஆம் கால் எழுத்துத் தடை. அதை 10 கிலோ வழியாக சப்ளைக்கு இழுத்துவைத்து, எழுதும்போது மட்டும் கன்ட்ரோலர் கீழே இறக்கும்படி செய்தால் இந்தத் தொல்லை அற்றுப்போகும். பல போர்டுகளில் 7-ஆம் காலைக் கிரவுண்டில் கட்டிப்போட்டிருப்பது, கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரிதான்.

தராசைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. வியாபாரத் தராசின் முத்திரையை உடைத்து உள்ளே கை வைத்தால், மறுபடி எடையளவு அதிகாரியிடம் காட்டி முத்திரை பெற்ற பிறகுதான் அதில் நிறுக்கலாம். உரிமம் பெற்ற பழுதுநீக்குவோர்தான் அதைத் திறக்க வேண்டும். குறிப்பில் இதைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. பூவும் காய்கறியும் விற்கிறவர்கள் வீணாக அபராதம் கட்ட நேரிடும்.

இதுவரை சொன்னது மெதுவான லைன்களுக்கு. அங்கே நல்ல துடிப்பு தடிமன், கள்ளத் துடிப்பு மெலிசு. ஆகவே சல்லடை போட்டு, மெலிந்ததைத் தள்ளிவிடலாம். எஃப்.பி.ஜி.ஏ.வில் செய்கிறவர்கள் இதையே எண்ணிக்கையால் செய்வார்கள். 48 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் லைனைப் பார்த்துக்கொண்டே இருந்து, தொடர்ந்து மூன்று பார்வையும் ஒரே விடை சொன்னால்தான் ஏற்பது. ஒரு பார்வைக்கும் அடுத்ததற்கும் 20.8 நானோ செகண்ட். 41 நானோவுக்குள் முடியும் துடிப்பு மூன்று பார்வையில் விழவே முடியாது, நிச்சயமாகத் தடுக்கப்படும். 63 நானோவுக்கு மேற்பட்டது நிச்சயமாகப் புகும். நடுவில் உள்ளது அதிர்ஷ்டம். இந்த மூன்றுக்கும் முன்னால் வெளி லைனை உள் கிளாக்கோடு இணைக்க இரண்டு ஃபிளிப்-ஃபிளாப் (ஒரு பிட்டைப் பிடித்துவைக்கும் உறுப்பு) தனியாக வேண்டும். அதை மிச்சம் பிடிக்கிறவர்கள் பிறகு தலையில் கை வைப்பார்கள்.

டி.வி., செட்-டாப் பெட்டி, கம்ப்யூட்டர் பயாஸ் இவற்றில் இருக்கும் 25க்யூ64 போன்ற எஸ்.பி.ஐ. ஃபிளாஷ் வேறு ஜாதி. 50, 100 மெகாஹெர்ட்ஸ் என்று ஓடும். அங்கே கபாசிட்டர் பேச்சே கூடாது. கள்ளத் துடிப்பு அங்கே பெரும்பாலும் எதிரொலியாகப் பிறக்கிறது. கிளாக் போய் மோதித் திரும்பி, ஏறும் விளிம்பில் ஒரு பள்ளம் விழுகிறது, ஒன்று இரண்டாகிறது. 22 அல்லது 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று தொடரில் போதும். அது அனுப்பும் பக்கத்தில், கன்ட்ரோலர் காலை ஒட்டி இருக்க வேண்டும். வாங்கும் பக்கத்தில் வைத்துவிட்டுப் 'பலனில்லை' என்று சொல்பவர்கள் அதிகம்.

கம்ப்யூட்டரும் ஃபோனும் ஓடும்போது பயன்படுத்தும் டி.டி.ஆர். மெமரிக்கு வந்தால் சல்லடையே உடைந்துபோகிறது. ஃபோனை ஹீட் கன்னில் காட்டுவதற்கு முன்னால் பழுது பார்க்கும் தம்பிமார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் ஆசை.

டி.டி.ஆர்.3-1600-இல் கிளாக்கின் முழுச் சுற்று 1.25 நானோ செகண்ட், ஒரு பிட்டுக்குக் கிடைப்பது 625 பிக்கோ செகண்ட். நல்ல துடிப்பே இவ்வளவு மெலிசு. கள்ளத் துடிப்பும் ஏறக்குறைய இதே பருமன். தடிமனைப் பார்த்துப் பிரிக்க வழியில்லை. ஆகவே இங்கே நேரத்தைப் பார்த்துப் பிரிக்கிறார்கள்.

படிக்கும்போது டேட்டாவோடு டி.க்யூ.எஸ். என்ற ஸ்ட்ரோப் துடிப்பையும் மெமரியே அனுப்புகிறது. அது ஏறினாலும் இறங்கினாலும் ஒரு டேட்டாவைப் பிடிக்க வேண்டும். இந்த லைன் இரண்டு ஒயர் சேர்ந்த இரு வழிப் பாதை. எழுதும்போது கன்ட்ரோலர் ஓட்டும், படிக்கும்போது மெமரி ஓட்டும், இடையில் யாரும் ஓட்டமாட்டார்கள். யாரும் ஓட்டாத நேரத்தில் அதன் இரண்டு ஒயரும் நடு வோல்ட்டில் மிதக்கும், இரண்டுக்கும் வித்தியாசம் ஏறத்தாழ பூஜ்யம். வாங்கும் சர்க்யூட் அந்த வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது என்பதால், சின்னச் சலனமும் அதற்குத் துடிப்பாகத் தெரியும். படிப்பு முடிந்து மெமரி லைனை விடுகிற கணம் இதில் மிக மோசம். கடைசித் துடிப்புக்குப் பின்னால் அரைக் கிளாக் அளவுக்குக் கீழே பிடித்திருந்து பிறகு விடும். விட்டதும் லைன் நடுவுக்கு எழும்பும். அந்த எழும்பலில் ஒரு கள்ளத் துடிப்பு உள்ளே போனால், பிடித்த டேட்டாவை அடுக்கும் வரிசையின் சுட்டி ஒரு படி நகர்ந்துவிடும். அதற்கப்புறம் படிப்பதெல்லாம் ஒரு படி தள்ளியே கிடைக்கும். ஒரு பிட் தப்பாகப் போனதோடு நிற்காது, அந்த நொடியிலிருந்து எல்லாமே தப்பு. மெஷின் உறையும், அல்லது திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும்.

இதற்குக் கண்ட வழி கேட். கதவு என்றே சொல்லலாம். டி.க்யூ.எஸ். உள்ளே வரும் பாதையில் ஒரு கதவு, உரிய நேரத்தில் மட்டும் திறந்திருக்கும். எப்போது திறப்பது? முதல் துடிப்புக்கு முன்னால் மெமரி லைனைச் சுமார் ஒரு கிளாக் நேரம் கீழே பிடித்திருக்கும். விதிப்படி குறைந்தது 0.9 கிளாக், அதாவது 1125 பிக்கோ செகண்ட். இந்த அமைதிக்குள் கதவு திறக்க வேண்டும். முந்தித் திறந்தால் மிதக்கும் லைனின் சலசலப்பு உள்ளே வரும், பிந்தித் திறந்தால் முதல் துடிப்பு வெளியே நிற்கும். மெமரி தன் ஸ்ட்ரோபை அனுப்பும் நேரமே 225 பிக்கோ முன்னும் பின்னும் ஆடலாம் என்று டி.டி.ஆர்.3-1600 விதி இடம் தருகிறது. அதைக் கழித்தால் கையில் மிஞ்சுவது சுமார் 675 பிக்கோ. போர்டில் ஒரு மில்லிமீட்டர் தடத்துக்கு ஏறத்தாழ 7 பிக்கோ செகண்ட் ஆகும். ஐந்து சென்டிமீட்டர் தூரம் போக ஒரு 350, வர ஒரு 350. ஆகவே கதவு நேரத்தைக் கணக்குப் போட்டு எழுதிவைக்க முடியாது. ஒவ்வொரு போர்டிலும் பவர் போட்டதும் கன்ட்ரோலர் தானே தட்டித் தடவிப் பார்த்து, அமைதியின் நடுவில் கதவை நிறுத்த வேண்டும். இதைத்தான் ட்ரெயினிங் என்கிறார்கள்.

மூடுவதற்கு நேரத்தை நம்புவதை விட ஸ்ட்ரோபையே நம்புவது நல்லது. எட்டு டேட்டா என்றால் நாலு ஏற்றம், நாலு இறக்கம். எண்ணிக்கொண்டே வந்து, நாலாவது இறக்கமே கதவை அடைக்கும்படி செய்தால், அதற்குப் பின்னால் லைன் எப்படி எழும்பினாலும் கவலையில்லை. இந்த அடைப்பு முடிய மிகக் குறுகிய நேரம்தான் இருக்கிறது. மெமரி கீழே பிடித்திருப்பது குறைந்தது 0.3 கிளாக், அதாவது 375 பிக்கோ. வெறும் ஆண்ட் (AND) கேட்டில் நினைத்தபோது திறந்து மூடினால் வெட்டுப்பட்ட அரைத் துடிப்பு பிறக்கும். அதுவும் ஒரு கள்ளத் துடிப்புதான். லைன் கீழே இருக்கும்போது மட்டுமே கதவு அசைய வேண்டும். சில வடிவமைப்புகளில் மிதக்கும் நேரத்தில் ஒரு ஒயரை மெல்லக் கீழேயும் மற்றதை மெல்ல மேலேயும் இழுத்துப் பிடித்து, வித்தியாசம் பூஜ்யத்துக்கு வராமல் பார்த்துக்கொள்வதும் உண்டு.

ஃபோனில் இருக்கும் எல்.பி.டி.டி.ஆர். வகைகளில் இது இன்னும் நெருக்கடி. மின்சாரம் மிச்சப்படுத்த, நேரத்தைக் கட்டிப்பிடித்து வைக்கும் டி.எல்.எல். சர்க்யூட்டை அவற்றில் எடுத்துவிட்டார்கள். எல்.பி.டி.டி.ஆர்.2-இல் ஸ்ட்ரோப் வரும் நேரம் 2.5 நானோவிலிருந்து 5.5 நானோ வரை எங்கும் இருக்கலாம், சூடு ஏறினால் நகரவும் செய்யும். அக்னி நட்சத்திர வெயிலில் காலையில் தட்டிப் பார்த்து நிறுத்திய கதவு மத்தியானம் இடம் மாறி நிற்கலாம். கன்ட்ரோலர் அவ்வப்போது திரும்பத் தட்டிப் பார்க்க வேண்டும். சூடானால் மட்டும் உறைந்து, ஆறினால் ஓடுகிற போர்டு வந்தால், உடனே மெமரியைப் பிடுங்கி ரீபால் செய்ய (அடியில் உள்ள ஈயப் பந்துகளைப் புதிதாக வைக்க) வேண்டாம். சப்ளை வோல்ட்டேஜை அளந்து, மெமரிக்கு அடியில் உள்ள கபாசிட்டர்களைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து ஓட்ட வழியிருந்தால் ஓட்டிப் பாருங்கள். வேகம் குறைந்ததும் பழுது மறைந்தால் அது பெரும்பாலும் நேரக் கோளாறுதான், ஈயப் பந்து விட்டுப்போனதால் வந்ததாக இருக்காது.

அளக்கும் கருவியே பொய் சொல்லும். மலிவாகக் கிடைக்கும் எட்டு சேனல் லாஜிக் அனலைசர் 24 மெகாஹெர்ட்ஸில் பார்க்கிறது. இரண்டு பார்வைக்கு நடுவே 42 நானோ செகண்ட் இடைவெளி. 20 நானோ துடிப்பு அதில் சிக்கினால் அதிர்ஷ்டம், சிக்காவிட்டால் 'லைன் சுத்தம்' என்று காட்டும். 100 மெகாஹெர்ட்ஸ் ஆசிலாஸ்கோப்பின் சொந்த ஏறும் நேரமே 3.5 நானோ. ஐ2சி, மெதுவான எஸ்.பி.ஐ. வரைக்கும் அது போதும், டி.டி.ஆருக்குக் கொண்டு போகாதீர்கள். டிரிகரை 'பல்ஸ் விட்த்' என்று மாற்றி, 50 நானோவுக்குக் குறைவானது வந்தால் நில் என்று வைத்துவிட்டு, கான்டாக்டரைப் பத்துத் தடவை போட்டு எடுங்கள். கள்ளன் தானாக மாட்டுவான். புரோபின் நீண்ட முதலைக் கிளிப் கிரவுண்டைக் கழற்றிவிட்டு, முனையிலேயே மாட்டும் சின்ன ஸ்பிரிங் கிரவுண்டைப் போடுங்கள். ஒரு சாண் கிரவுண்டு ஒயர் தானே ஒரு ஊஞ்சல், லைனில் இல்லாத ஆட்டத்தையும் காட்டும்.

நெல்லைச் சீமையின் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் ட்ரூத் டேபிள் சரிபார்த்ததும் பாடம் முடிந்துவிடுகிறது. கள்ளத் துடிப்பைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க இரண்டு ஐ.சி. போதும். துடிப்பை எண்ணும் ஒரு 74எச்சி93 கவுன்ட்டர், எண்ணுக்கு ஒரு கால் என்று காட்டும் ஒரு 74எச்சி138 டிகோடர். 93-இன் சப்ளை 5-ஆம் கால், கிரவுண்ட் 10-ஆம் கால். வழக்கம்போல 14-க்கும் 7-க்கும் கொடுத்துவிடாதீர்கள், 14 இதில் கிளாக். 12-ஐ 1-ஆம் காலோடு இணைத்து, 2-ஐயும் 3-ஐயும் கிரவுண்டில் கட்டி, 1 மெகாஹெர்ட்ஸ் கிளாக் கொடுங்கள். 12, 9, 8 ஆகிய மூன்று வெளியீடும் முறையே 138-இன் 1, 2, 3-க்கு. 138-இல் 4, 5 கிரவுண்டுக்கு, 6 சப்ளைக்கு. இப்போது கவுன்ட்டர் 3-இலிருந்து 4-க்குப் போகும்போது பாருங்கள். மூன்று பிட்டும் ஒரே சமயத்தில் மாறாது, ஒன்றன்பின் ஒன்றாகச் சரியும். 3, 2, 0, பிறகுதான் 4. டிகோடரின் 13-ஆம் காலிலும் 15-ஆம் காலிலும், அவற்றுக்கு வேளை வராதபோதே, சில நானோ செகண்ட் அகலத்தில் கள்ளத் துடிப்பு குத்தி நிற்கும். அந்தக் கால் ஒரு மெமரியின் எழுதும் காலுக்குப் போயிருந்தால் தப்பான இடத்தில் எழுத்து விழுந்திருக்கும்.

பிறகு 6-ஆம் காலைச் சப்ளையிலிருந்து பிரித்து அதே கிளாக்கோடு இணைக்கச் சொல்லுங்கள். 93 எண்ணுவது கிளாக் இறங்கும்போது. குழப்பமெல்லாம் கிளாக் கீழே இருக்கும் 500 நானோவுக்குள் அடங்கிவிடும், கிளாக் ஏறிய பிறகுதான் டிகோடர் கண் திறக்கும். திரையில் அந்தக் குத்தல்கள் மறைவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். டி.டி.ஆர். கன்ட்ரோலரில் பிக்கோ செகண்டில் நடக்கும் அதே கதவு வேலைதான் இது, பிரெட்போர்டில்.

குறிப்பைப் படித்துவிட்டு ஏற்கெனவே 6-ஆம் காலில் கபாசிட்டர் வைத்தவர்கள் அதை எடுத்துவிட வேண்டும். எடுத்த கபாசிட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, 8-ஆம் காலுக்கும் 4-ஆம் காலுக்கும் நடுவே வைத்துக்கொள்ளலாம். தங்கள் அடுத்த தொழில் பக்கத்தில் '6-ஆம் காலுக்கும்' என்று அச்சான இடத்தை '8-ஆம் காலுக்கும்' என்று திருத்தி, குறிப்பு வந்த அதே இடத்தில், அதே எழுத்து அளவில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மின்னணுப் பழுதுநீக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
பாளையங்கோட்டை.